போனை முதலில் வைக்காத பேராசிரியை

எதிர்முனையில் இருப்பவர் வைக்கும்வரை பேராசிரியை போனைக் காதிலிருந்து எடுக்கமாட்டார். கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்கு வந்த நாள் முதலாக அவருடைய தம்பி மனைவி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை குழாய் ரிப்பேர்காரரிடம் மாட்டிக்கொண்டார். “மேடம், நீங்க வைங்க.” “இல்லப்பா, நீங்க வைங்க.” “நீங்க பெரியவங்க, நான் எப்படி?” இந்த மரியாதை முடிவதற்குள் அடுக்களை முழுக்கத் தண்ணீர்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் அவர் பாடம். தற்கொலை, நோய், குற்றம் இவையெல்லாம் எந்தத் தெருக்களில் அதிகம், ஏன் அங்கேயே அதிகம் என்பதுதான் ஆராய்ச்சி. ஊர்ப் படத்தில் வண்ணம் பூசிக் காட்டுவார். பாலத்துக்கு இந்தப் பக்கம் வெளிர் மஞ்சள், ரயில் பாதை ஓரமெல்லாம் அடர் சிவப்பு. சிவப்பில் இருப்பவர்கள் சீக்கிரம் சாகிறவர்கள். தம்பி வீடும் அங்கேதான். “எங்க வீட்டு மேலயே சிவப்ப அப்பி வச்சிருக்கியேக்கா, வாடகையாவது குறையுமா?” என்பான் அவன்.

சாவு நடந்த வீட்டுக்குக் கேள்வி கேட்கப் போனால், நாற்காலி போட்டாலும் உட்காரமாட்டார். தரையில் இருப்பவருக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்காருவார். கடினமான கேள்விக்கு முன்னால் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: “இதுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லன்னா விட்டுடலாம்.” அது அவர் தொழிலின் மரியாதை. அந்த வீடுகளில் அவர் அடிக்கடி கேட்டதும் ஒன்று உண்டு: “கடைசியா போன் வந்தப்ப கை வேலையா இருந்தேன்மா, அப்புறம் பேசுறேன்னு வச்சுட்டேன்.” போன் பழக்கம் அங்கிருந்து தொற்றிக்கொண்டதாகத்தான் இருக்கும்.

தம்பி வேலை பார்த்த இரும்புப் பட்டறையை மூடினார்கள். முதலில் கிண்டல் நின்றது. பிறகு ஷேவ் செய்துகொள்வது நின்றது. ஒருநாள் தன் ஸ்பேனர் செட்டைக் கூட்டாளி ஒருவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தான். அவன் மனைவி பேராசிரியைக்குப் போன் செய்தாள்.

“அண்ணி, எனக்கு என்னமோ பயமா இருக்கு. அந்த ஸ்பேனர் செட்ட நான் தொட்டாலே கடிப்பாரு. இன்னிக்கு யாருக்கோ குடுத்துட்டு வந்து சும்மா உக்காந்திருக்காரு.”

மறுமுனையில் சாவிக்கொத்தை எடுக்கும் சத்தம். பிறகு, “பக்கத்துலயே இரும்மா. வந்துட்டே இருக்கேன். போன வைக்காத.” ஆட்டோ சத்தம் காதில் இரைந்துகொண்டே இருந்தது, அவர் வாசலில் வந்து இறங்கும்வரை.

“விசாரணைக் கமிஷன் வந்தாச்சா?” என்றான் தம்பி. “யாரு மனு குடுத்தது?” அவன் மனைவி அடுக்களைக்குள் போய், பேச்சு காதில் விழவேண்டும் என்று அடுப்பை அணைத்தாள்.

“தூக்கம் எப்படிடா?”

“வருது.”

“சாப்பாடு?”

“அவகிட்ட கேளு.”

“கூட வேலை பார்த்தவங்களோட பேசுறியா?”

“அவங்களும் சும்மாதான் இருக்காங்க. ரெண்டு சும்மா சேர்ந்து என்னத்தப் பேசறது?”

சாவு வீடுகளில் கேட்கிற அதே வரிசை, அதே பதமான குரல். அடுத்த கேள்வி எதுவென்று அடுக்களையில் நின்றவளுக்கும் தெரியும். ஈரத் துணியை முறுக்கியபடி காத்திருந்தாள். பேராசிரியை வாயைத் திறந்தார்.

“இதுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லன்னா விட்டுடலாம்.”

கேள்வி இன்னும் வரவேயில்லை. தம்பி நெடுநாளைக்குப் பிறகு சிரித்தான். “அப்ப விட்டுடலாம்க்கா.” எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து கைகழுவ ஆரம்பித்தான்.

முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் கேட்ட கேள்வி. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பியிடம் தொண்டையைத் தாண்டவில்லை. பேராசிரியை எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். செருப்புகூடப் போடாமல் ஈரத்தில் நடந்துபோய்க் குழாயை மூடினார்.

“விட முடியாது. நீ சொல்லித்தான் ஆகணும். செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?”

தம்பி சோப்பு நுரையோடிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பகல்ல தோணல. சாயங்காலம் ஆனா தோணுது.”

“சரி. இன்னிக்குச் சாயங்காலம் நான் இங்கதான் இருக்கேன்.”

“நாளைக்கு?”

“நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். சாயங்காலம் திரும்ப இங்கதான்.”

அவரே குழாயைத் திறந்துவிட்டார். அவன் நுரையைக் கழுவினான்.

இப்போது தம்பி மாத்திரை சாப்பிடுகிறான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஸ்பேனர் செட்டைக் கூட்டாளி கொண்டுவந்து கொடுத்துவிட்டான்; கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பயம் போய்விட்டதா என்று கேட்டால் தம்பி மனைவி தலையாட்டமாட்டாள். அக்கா வரமுடியாத நாட்களில் சாயங்காலம் போன் வருகிறது. பேச்சு நடுவிலேயே மாத்திரை அசதியில் அவன் தூங்கிப்போகிறான். அவன் கையிலிருந்து போனை எடுத்து அவள் ஒரு நிமிஷம் காதில் வைத்துக் கேட்கிறாள். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம், பாத்திரம் உருளும் சத்தம். அவளும் அதை அணைப்பதில்லை. தலையணையில் அவன் காதோரமாகக் கிடத்திவிட்டு, விளக்கைப் போடப் போகிறாள்.