பெண்கள் அணிக்கு வாங்காத மட்டை

திருச்சியில் ஒரு பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். அங்கே கோல்ஃபுக்கு ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டையும் தொடங்கியவன் நான்தான். ஆனால் மட்டைகளை ஆண்களுக்கான அளவில் மட்டுமே வாங்கினேன். பெண்களுக்கென்று நீளமும் கனமும் குறைந்தவை உண்டு என்பது எனக்குத் தெரியும். நாலைந்து பெண்களுக்காக எதற்குத் தனியாக என்று விட்டுவிட்டேன்.

ரேவதி என்ற மாணவி, என்னைப் போலவே ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். ஒருநாள், “சார், மட்டை ரொம்ப கனமா இருக்கு. மணிக்கட்டு வலிக்குது” என்றாள்.

“கொஞ்சம் இறக்கிப் பிடிம்மா. பசங்களுக்கெல்லாம் வலிக்கலையே?” என்றேன். பையன்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் வலியைப் பற்றிப் பேசவில்லை. கை வீங்கி, அந்த வருடப் போட்டிக்கு அவளால் போக முடியவில்லை.

இன்று இரண்டு அணிகளுக்கும் அவள்தான் பயிற்சியாளர். ஓய்வு பெற்றுப் பல வருடங்களான என்னை, சென்ற மாதம் அங்கே அழைத்திருந்தாள். மாணவர்கள் கேட்டதற்காக ஆண்கள் அணியின் மட்டை ஒன்றை வாங்கி வீசினேன். அது என்னையே தள்ளப் பார்த்தது; பந்து அசையவில்லை. ஒரு பையன் சிரித்துவிட்டான். ரேவதி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். பிறகு பெண்கள் அணியின் பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்து நீட்டினாள்.

“இது உங்களுக்கு வசதியா இருக்கும் சார்.”

பந்து நேராக எழுந்து போனது.

“அன்னைக்கு நீ சொன்னது சரிதாம்மா” என்றேன்.

“தெரியும் சார்” என்று சிரித்தாள். “அடுத்த பந்தை அடிங்க.”

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமில்லை. காவிரிப் பாலம் தாண்டும்வரை மேல்கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கை வலிக்கவில்லை. வீங்கிய மணிக்கட்டோடு அந்தப் பெண் இந்தக் கம்பியை எப்படிப் பிடித்து நின்றிருப்பாள் என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.