இரண்டு காலருக்குச் சராசரி

பெங்களூரில் சந்தாபுராவிலிருந்து ஆடுகோடி போகும் காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் அந்த அக்கா, கார்மென்ட்ஸில் தையல் வேலை பார்ப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டிலிருந்தே கழுத்தில் இன்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு வருவார். தைத்த சட்டைகளை அளந்து பார்க்கும் செக்கர் வேலைக்குக் கணக்குப் பரீட்சை எழுதவேண்டும் என்று மடியில் ஒரு நோட்டு. கால் இன்ச்சா, முக்கால் இன்ச்சா என்று சந்தேகம் வந்தால் டேப்பை நீட்டிப் பார்த்துத்தான் விடை எழுதுவார்.

பரீட்சைக்கு முதல் நாள் சராசரிக் கணக்கை வைத்துக்கொண்டு முழித்தார். நான் முந்திக்கொண்டு, "எல்லாத்தையும் கூட்டி, எத்தனையோ அத்தனையால வகுக்கணும். அவ்ளோதான்க்கா" என்றேன்.

"அது தெரியும்மா. ஒரு காலர் பதினஞ்சு இன்ச்சு, இன்னொண்ணு பதினேழு. ஆர்டர் பதினாறு. சராசரி கரெக்ட்டா வருது, ஆனா ரெண்டு சட்டையும் ரிஜெக்ட்டுதானே?"

"அதையே எழுதிடுங்கக்கா" என்றேன்.

மறுவாரம் சிரித்துக்கொண்டே ஏறினார். டேப்போடு செக்கர் அட்டையும் கழுத்தில் ஆடியது.

"எழுதுனேன்மா. இதப் பாக்கத்தான் ஆள் வேணும்னு எடுத்துக்கிட்டாங்க. அடுத்தது சூப்பர்வைசர் பரீட்சை. நீயும் ஒரு நோட்டு வாங்கிக்கோ, சும்மா ஜன்னலப் பாத்துட்டு வராம."

வாங்கிவிட்டேன். டேப் மட்டும் ஒன்றுதான். சந்தேகம் வந்தால் அவர் கழுத்திலிருந்து கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.