பதின்மூன்றாம் கேசட்டின் இரண்டாம் பக்கம்

பச்சை ரப்பர்க் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் வெள்ளை மாவைத் தூவி, கரண்டியைக் கையில் எடுக்கும்போதே பாடத் தொடங்கிவிடுகிறார். முதல் அடியில் மாவு நனைகிறது. இரண்டாம் அடியில் கட்டி உடைகிறது. பாட்டு முடியும்போது மாவு முழுவதும் பல் அச்சுக்குள் இறங்கியிருக்கும். மொத்தம் ஒன்றரை நிமிடம். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒன்பது முறை பார்த்தேன். எட்டு முறை சரியாகத் தொண்ணூறு விநாடி. ஒருமுறை மட்டும் தொண்ணூற்று மூன்று. அன்று அவருக்கு ஜலதோஷம்.

பல்செட் செய்வது அவர் தொழில். வயது நாற்பத்தொன்று. இரண்டாம் மாடியில், பதினோரு அடிக்கு ஒன்பது அடியில் ஓர் அறை. நீளமான ஒரு மேசை, பல்லை உரசும் எந்திரங்கள் இரண்டு, மெழுகு உருக்க ஒரு ஸ்பிரிட் விளக்கு. சுவரலமாரியில் அக்கம்பக்கத்தார் பாதிப் பேரின் வாய் வெள்ளை மாவில் வரிசையாக அடுக்கியிருக்கிறது. நான்கு பல் மருத்துவர்கள் அவருக்கு வேலை அனுப்புகிறார்கள். நால்வருமே அவரை 'விளக்கு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

காரணம் எனக்குத் தெரியவந்தது, என் பல்செட்டைப் பொருத்திப் பார்த்த அன்று. புதுப் பல் வைத்தவர்களை எண்களைச் சொல்லச் சொல்லிக் காற்று எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பது வழக்கமாம். இவர் எண்களைக் கேட்பதில்லை.

"சொல்லுங்க சார். சிப்பாய்களே, சீக்கிரம், சமுத்திரம் சீறுகிறது."

"யார் சிப்பாய்? எந்தச் சமுத்திரம்?" என்றேன்.

"அதெல்லாம் அப்பறம். முதல்ல நீங்க சீறுங்க."

சீறினேன். 'சீ' சரியாக வரவில்லை. பல்லைக் கழற்றி, ஒரு பக்கம் மயிரிழை உரசி, மறுபடி வைத்தார். நான்காம் முறை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இப்போ நீங்க கேப்டன்" என்றார்.

சமுத்திரம் சீறும் அந்த வரி ஒரு ஜப்பானியப் பொம்மைப் படத் தொடரில் வருவது. அவர் பதினோரு வயதுப் பையனாக இருந்தபோது 'நடக்கும் கலங்கரை விளக்கம்' என்ற பெயரில் தமிழில் பேசிக்கொண்டு தொலைக்காட்சியில் வந்தது. இரும்புக் கால்கள் நான்கு முளைத்த ஒரு கலங்கரை விளக்கம், வழிதவறிய கப்பல்களைத் தேடிக் கடலோரமாக நடக்கிறது. உள்ளே ஒரு கிழட்டுக் கேப்டனும், வீட்டை விட்டுத் தொலைந்துபோன ஒரு பையனும். இருபத்தாறு பாகங்கள், ஒவ்வொன்றும் இருபத்து நான்கு நிமிடம். தொடக்கப் பாட்டு தொண்ணூறு விநாடி.

திங்கள் முதல் வெள்ளி வரை மாலை ஐந்தரைக்கு வரும். ஐந்து மணிக்கே அவருக்கு டியூஷன். வீடு திரும்ப ஆறே முக்கால் ஆகும். டியூஷனை நிறுத்த அப்பா சம்மதிக்கவில்லை. அழுது பார்த்தார், நடக்கவில்லை. அம்மாதான் வழி கண்டார். டேப் ரெக்கார்டரைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்துச் சத்தத்தைப் பதிந்து தருவதாகச் சொன்னார். அறுபது நிமிடக் கேசட், ஒரு பக்கத்துக்கு ஒரு பாகம். பதின்மூன்று கேசட்டுகளில் தொடர் முழுவதும் அடங்கிவிடும்.

முதல் நாளே ஒரு சிக்கல் தெரிந்தது. சத்தம் இருக்கிறது, படம் இல்லை. உலோகம் உரசுகிறது, யாரோ ஓடுகிறார்கள், யார் என்று தெரியவில்லை. இரண்டாம் பாகத்திலிருந்து அம்மா படத்தையும் சேர்த்தே பதிந்தார். அதை நான் அந்த அறையில் உட்கார்ந்து கேட்டேன். கேப்டன் கர்ஜிக்கிறார், இடி இடிக்கிறது, நடுவே ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்கிறது: "இப்போ பையன் ஏணியில ஏறுறான்டா. கீழ தண்ணி. பின்னாடி என்னமோ வருது, பறவையா என்னான்னு தெரியல. இரு, கிட்ட வரட்டும். ஆங், பறவைதான்." பதினொன்றாம் பாகத்தில் குக்கர் ஐந்து முறை கூவுகிறது.

"எனக்கு ரெண்டு மாமியார் சார்" என்கிறார் அவர் மனைவி. "ஒருத்தங்க வீட்ல இருக்காங்க. ஒருத்தங்க கேசட்ல இருக்காங்க. கேசட்ல இருக்கவங்கதான் கொஞ்சம் சாது."

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு தெரிந்த செய்தி வேறு. அந்தத் தொலைக்காட்சி நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. தமிழ்ப் பேச்சு பதிந்த நாடாக்கள் யாரிடமும் இல்லை. அந்தத் தொடரைச் சிறுவயதில் பார்த்தவர்கள் இணையத்தில் ஒரு குழுவாகக் கூடி, ஆளுக்கு நாலு வரியை நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் மிஞ்சியிருந்த தமிழ் 'விளக்கு', பல்செட் செய்பவரின் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது.

ஜப்பானியப் படத்தை வாங்கி, கேசட்டின் குரலை அதோடு பொருத்தும் வேலையை எடுத்துக்கொண்டார். பதினான்கு மாதம் ஆயிற்று. பழைய ரெக்கார்டர் மெதுவாக ஓடுவது. குரல் வாயசைவுக்குப் பின்தங்கியது. இவர் தொடக்கப் பாட்டை அளந்தார். கேசட்டில் தொண்ணூற்று நான்கு விநாடி வந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் அதே கணக்கில் முடுக்கினார். அறுந்திருந்த நான்காம் கேசட்டைப் பல் பிடிக்கும் இடுக்கியால் ஒட்டினார். ஒட்டிய இடத்தை எனக்குக் காட்டினார். பூதக்கண்ணாடி வைத்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

குழுவில் ஒரு கணக்குத் தணிக்கையாளர் இருந்தார். முதல் பாகங்களைக் கேட்டுவிட்டு, "அற்புதம். ஆனா நடுவுல அந்த அம்மா பேசறதை மட்டும் எடுத்துடுங்க. இப்பல்லாம் கம்ப்யூட்டரே எடுத்துடும்" என்று எழுதினார். இவர் பதில் ஒரே வரி: "அம்மாவ எடுத்துட்டா எனக்குப் படம் தெரியாது சார்."

இத்தனைக்கும் பிறகு கையில் இருந்தவை இருபத்தைந்து பாகங்கள். பதின்மூன்றாம் கேசட்டின் இரண்டாம் பக்கம் வெறும் இரைச்சல்.

அந்த ரெக்கார்டரில் பதிய வேண்டுமானால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். கடைசி பாகத்தன்று அடுப்பில் பால் பொங்கியது. ஓடிவந்த அம்மா ஒன்றை மட்டும் அழுத்திவிட்டார். சக்கரம் சுற்றியது, அதைப் பார்த்து நம்பிவிட்டார். பதியாத பெட்டியின் முன் உட்கார்ந்து இருபத்து நான்கு நிமிடமும் விடாமல் சொல்லியிருக்கிறார்.

"இருபத்தாறுலயும் அன்னிக்குத்தான் நல்லா சொன்னேன்" என்றார் என்னிடம். எழுபத்திரண்டு வயது. இன்னும் அவருக்கு அது ஆறவில்லை.

அன்று மகன் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கதையை வாயால் சொன்னார். கலங்கரை விளக்கம் கடைசிக் கப்பலைக் கரைசேர்த்துவிட்டுப் பாறையில் நின்றுவிட்டது. பையன் தன் வீட்டைக் கண்டுபிடித்தான். கதவைத் தட்டினான். கதவு திறந்தது. கை கழுவிவிட்டு வரச் சொன்னார்கள். சாப்பிட்டான்.

ஜப்பானியப் படத்தில் பையன் தட்டுவதற்குக் கையை ஓங்குகிறான். அத்தோடு முடிகிறது. முப்பது ஆண்டுகள் கழித்து அதைப் பார்த்த மகன் நேரே அம்மாவிடம் போனார்.

"ஏம்மா, கதவு தெறக்கவே இல்லையே?"

"கதவு வரைக்கும் வந்த புள்ளைய எந்தத் தாய்டா வெளியவே நிறுத்துவா? அவங்க காட்டல, அவ்ளோதான்."

அன்றுதான் அவர் முடிவு செய்தார். கடைசி பாகத்தையும் அம்மாவே பேசவேண்டும். ஜப்பானிய வசனத்தின் பொருளைத் தெரிந்துகொண்டு தமிழில் இருநூற்றுப் பதினான்கு வரிகள் எழுதினார். அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"கெழவனுக்கு யாரு?"

"நீதான்."

"பையனுக்கு?"

"நீதான்ம்மா. எல்லாம் நீதான்."

"அப்ப கடல் பூரா நானேதான் கத்தணுமா?"

கத்தத் தொடங்கியதும் வேறொரு தடை வந்தது. அம்மாவுக்கு இருப்பது பல்செட், இவரே செய்தது. பேச்சுக்கும் சாப்பாட்டுக்கும் குறையில்லாத பல், கேப்டனாகக் குரலை உயர்த்தியதும் விசில் அடித்தது. சிப்பாய்களே என்றால் ஒன்று, சீக்கிரம் என்றால் ஒன்று. "நான் பேசுறனா, குக்கர் பேசுதா?" என்று அம்மா நோட்டை மூடி வைத்துவிட்டார். "வேற யாரையாச்சும் பேச வெச்சுக்க. என்னால ரெண்டாவது வாட்டி கெடுக்க முடியாது."

இவர் வாதாடவில்லை. பல்லை வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தார். மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் மெழுகை மெல்லியதாகத் தடவி, எடுத்துப்போய் அம்மாவைச் சீறச் சொல்லிக் கேட்டார். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் தடவினார். ஆறு நாள், பதினோரு முறை. ஊராருக்கெல்லாம் நான்கு முறையில் முடிகிற வேலை. பதினோராம் முறை, "சமுத்திரம் சீறுகிறது" என்று அம்மா சொன்னபோது பக்கத்து அறையிலிருந்து பேத்தி, "அப்பாயி, யாரு திட்டறது?" என்று எட்டிப் பார்த்தாள். விசில் இல்லை. மெழுகு இருந்த இடத்தில் அதே கனத்துக்குப் பல்செட் பிளாஸ்டிக்கை வைத்து முடித்தார்.

பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. நான் மூலையில் ஒரு நாற்காலியில் இருந்தேன். அசையக் கூடாது என்று உத்தரவு. ஜப்பானியக் குரல்களைத் தணித்துவிட்டு அம்மா பேசினார். நடுவில் வசனம் இல்லாத இடங்களில், எழுதித் தராமலே, "பையன் கரையைப் பாத்துட்டான்டா" என்று பழையபடி சேர்த்துக்கொண்டார். இருநூற்றுப் பதினான்காம் வரி முடிந்தது. திரையில் பையன் கதவின் முன் கையை ஓங்கினான். இவர் நிறுத்தச் சொல்லி விரலைத் தூக்கினார். அம்மா இவரைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி, உரக்க அல்ல, சொன்னார்: "கை கழுவிட்டு வாடா. சாப்பாடு ஆறுது."

மணி பதினொன்று நாற்பத்திரண்டு. மூலத்தில் இல்லாத ஒரு வார்த்தையைக்கூட அதுவரை இவர் யார் வாயிலும் வைத்ததில்லை. வெட்டிவிடுவார் என்றே நினைத்தேன். நோட்டை இழுத்து, 215 என்று எண் போட்டு, அந்த வரியைத் தன் கையால் எழுதினார்.

நூலகத்தின் மாடிக் கூடத்தில் கடைசி இரண்டு பாகங்களையும் திரையிட்டார்கள். நாற்காலிகள் எண்பத்து நான்கு. வந்தவர்கள் நூற்றுப் பதினேழு பேர், பெரும்பாலும் நாற்பதைத் தொட்டவர்கள், முன்வழுக்கையும் கண்ணாடியுமாக. இருபத்தைந்தாம் பாகத்தின் பாட்டு தொடங்கியதும் ஒருவர் எழுந்தார். பிறகு கூடமே எழுந்தது. தொண்ணூறு விநாடியும் ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். கேப்டன் வாயைத் திறப்பதற்குள் நூற்றுப் பதினேழு பேரும் சமுத்திரம் சீறுகிறது என்று முழங்கியதில் நூலகர் கீழேயிருந்து ஓடிவந்து, பார்த்துவிட்டு, அங்கேயே நின்றுவிட்டார். அம்மா குரல் வந்த இடங்களில் மட்டும் எல்லோரும் முன்னால் சாய்ந்து கேட்டார்கள்.

இடைவேளையில் அந்தக் கணக்குத் தணிக்கையாளர் அம்மாவிடம் வந்து கைகூப்பினார். "பதினொண்ணாவது பாகத்துல அஞ்சு விசில் வருதேம்மா, அன்னிக்கு என்ன சமையல்?"

"அஞ்சு விசில்னா பருப்பு குழைஞ்சே போயிருக்கும்" என்றார் அம்மா. "கதையில இருந்துட்டேன்."

விளக்குகள் அணைந்தன. இருபத்தாறாம் பாகத்தின் முதல் படம் திரையில் அசையாமல் நின்றது. இவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசைக்கு வந்து, அம்மாவின் மடியில் வைத்தார்.

"நீதான் அமுக்கணும்."

"எதை?"

"இந்த நீட்டுப் பட்டனை. ஒண்ணுதான். லேசாத் தொட்டாப் போதும்."

அம்மா ஒரு விரலை அதன்மேல் வைத்தார். ஒரு கணம் யோசித்தார். பிறகு மற்றக் கையின் விரலையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து, நன்றாக அழுத்தினார்.