லேபும் வார்டும் பேசிக்கொண்ட கதை

ஒருவர் எழுதிய மென்பொருளையும் இன்னொருவர் எழுதிய மென்பொருளையும் இணைத்து வைப்பதுதான் என் தொழில். இரண்டும் ஒத்துப்போனால் யாருக்கும் நம் ஞாபகம் வராது, ஒத்துப்போகாவிட்டால் முதல் போன் நமக்குத்தான். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒரே கட்டடம்

2000-க்குப் பிறகு, ஒரு மென்பொருள் இன்னொன்றைக் கேட்டுப் பதில் வாங்கும் ஏற்பாட்டுக்கு வெப் சர்வீஸ் என்ற சொல் புதிதாக அடிபட ஆரம்பித்த சமயம். பொம்மனஹள்ளியில் இருந்த எங்கள் சின்னக் கம்பெனிக்கு அல்சூர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி வேலை கிடைத்தது. அங்கே கீழ்த்தளத்து லேபில் ஒரு மென்பொருள், மூன்றாம் மாடி வார்டில் வேறொன்று. இரண்டும் வெவ்வேறு கம்பெனிகள் செய்தவை. அதனால் ரத்தப் பரிசோதனை முடிவைக் கீழே காகிதத்தில் அச்சடித்து, மேலே கொண்டுபோய், நர்ஸ்கள் மறுபடி ஒவ்வொரு எண்ணாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

வார்டின் தலைமை நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டரிடம் நான் விளக்கினேன்: "இனிமே வார்டு கம்ப்யூட்டர் 'இந்த நோயாளியோட ரிசல்ட் என்ன'ன்னு லேப் கம்ப்யூட்டரைக் கேட்கும். கேள்வி எப்படி இருக்கணும், பதில் எப்படி இருக்கணும்னு முன்னாடியே பேசி வச்சிருவோம். ஒண்ணோட உள் விவகாரம் இன்னொண்ணுக்குத் தெரிய வேண்டாம்." சிஸ்டர் கையிலிருந்த காகிதக் கத்தையை மேஜையில் போட்டார். "இத்தனை வருஷமா ஒரே கட்டடத்துல இருந்துக்கிட்டு இப்பத்தான் ஒண்ணை ஒண்ணு விசாரிக்குதாக்கும்!" என்றார்.

பெரியவர் எத்திராஜ்

ஆள் மாறிவிடக் கூடாது என்று கேள்வியில் மூன்று விவரங்கள் வைத்திருந்தேன்: ஆஸ்பத்திரி எண், பெயர், பிறந்த தேதி. மூன்றும் பொருந்தினால்தான் பதில் வரும். சோதனைக்கு முதலில் எத்திராஜ் என்ற பெரியவரின் விவரத்தை அனுப்பினோம். திருப்பி அடித்தது. வார்டு மென்பொருள் வருஷத்தை இரண்டே இலக்கத்தில் அனுப்பியிருக்கிறது. அவர் பிறந்தது 1928. வந்த 28-ஐ லேப் பக்கம் 2028 என்று எடுத்துக்கொண்டது.

என் டீம் லீடர் மஞ்சுநாத்துக்கு அவசரம். "சும்னே, சும்மா எதுக்கு மேடம் பிறந்த தேதி? நம்பர் இருக்கு, பேர் இருக்கு, போதும். தூக்கிடுங்க" என்றார். நான் மாட்டேன் என்றேன். வருஷத்தை நாலு இலக்கமாக்கித் தருகிறேன், ரெண்டு நாள் கொடுங்கள் என்று மல்லுக்கட்டினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சம்மதித்தார். நாங்கள் வாதாடியதையெல்லாம் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்த எத்திராஜ் தலையைத் தூக்கினார்: "நான் இன்னும் பொறக்கவே இல்லைன்னா, காலையில ஊசி யாருக்கும்மா போட்டாங்க?"

மாரி

அந்தக் காகிதங்களை மாடிக்கும் கீழுக்கும் சுமந்தவர் மாரி. ஸ்ரீராம்புரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். எங்கள் சோதனை நல்லபடியாக முடிந்த மத்தியானம் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "இனிமே நான் வேணாமா மேடம்?" என்று கேட்டார். நேரே ஸ்டெல்லா சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நிர்வாகியைப் பார்த்துப் பேசினார்.

ரெண்டு நாள் கழித்து மாரி, ரத்தக் குழாய்கள் வைத்த டிரேயைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். வார்டில் எடுக்கும் ரத்தத்தை உடனுக்குடன் லேபில் சேர்க்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்திருந்தார்கள். முகமெல்லாம் சிரிப்பு. "ரிசல்ட்டை ஒயர்ல அனுப்புவீங்க, ரத்தத்தை அனுப்புவீங்களா மேடம்?"

காலித் திரை

நிஜமாகவே ஓடத் தொடங்கிய முதல் நாள் காலை, வார்டிலிருந்து போன். லட்சுமி என்ற நோயாளியின் முடிவு வரவில்லை, திரை காலி. மாடிக்கு ஓடினேன். டாக்டர் சாந்தி கணினி முன்னால் கோபமாக நின்றுகொண்டிருந்தார். மஞ்சுநாத் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

தேடிப் பார்த்தோம். வார்டில் லட்சுமிகள் இரண்டு பேர். ஒருவருக்குப் பொட்டாசியம் மிகவும் குறைவு. அவருடைய முடிவைப் பதியும்போது லேபில் எண்ணை ஓர் இலக்கம் தப்பாகத் தட்டிவிட்டார்கள். அது இன்னொரு லட்சுமியின் எண். அந்த அம்மாள் கிட்னி நோயாளி, பொட்டாசியம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. வார்டு அவருக்காகக் கேட்டபோது எண்ணும் பெயரும் பொருந்திவிட்டன. பிறந்த தேதி மட்டும் ஒத்துவராததால் வெப் சர்வீஸ் பதில் சொல்ல மறுத்திருக்கிறது.

டாக்டர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். லேபுக்குப் போன் செய்து திருத்தச் சொன்னார். முடிவு உரிய லட்சுமியின் பெயரில் வந்து சேர்ந்தது. மஞ்சுநாத் போய் மூன்று காபி வாங்கிவந்தார். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு டாக்டர் சொன்னார்: "காலியா காட்டுச்சே, அது போதும்மா. இல்லேன்னா கிட்னி பேஷன்ட்டுக்குப் பொட்டாசியம் ஏத்தியிருப்பேன்."

மென்பொருள்களைப் பேச வைப்பதற்காகத்தான் எங்களை வேலைக்கு எடுக்கிறார்கள். எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே முக்கால்வாசிப் பொழுது போய்விடுகிறது.