ஈசானி மூலை

"கக்கூஸ இடிச்சிடுங்கக்கா" என்று புரோக்கர் சொன்னபோது முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆத்திரம் பிறகுதான் வந்தது.

திண்டிவனத்து வீட்டை நான் விற்றே ஆக வேண்டியிருந்தது. விழுப்புரத்தில் மகள் நர்ஸ். இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது, ஷிப்டு மாறி மாறி வரும். அவள் தெருவிலேயே எனக்கென்று சின்னதாக ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். இது விற்றால்தான் அது. வந்தவர்கள் எல்லாரும் "சொல்றோம்" என்று போனார்கள், ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் முகையூர்ப் பக்கத்துப் பார்ட்டி ஒன்று, வாஸ்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னது.

அதற்குள் வீட்டைத் தயார் பண்ண வேண்டுமாம். ஓதம் ஏறிய சுவரை மறைத்து பீரோவை நகர்த்தச் சொன்னார் புரோக்கர். அந்தத் திருட்டுவேலை எனக்கு ஆகாது. சுவரைச் சுரண்டிப் பூசி, ஒட்டடை அடித்து, தரையைத் தேய்த்துக் கழுவினேன். அவருக்கு அதெல்லாம் போதவில்லை.

"ஈசானி மூலையில கக்கூஸ வச்சிக்கினு வீட்ட எப்பிடிக்கா விக்கிறது? அந்தாளு காம்பஸ வச்சிப் பாத்தா பேஜாராயிடும். ஜல்தியா இடிச்சிட்டு ஒரு துளசிச் செடிய நட்டு வுடுங்க."

வடகிழக்கு சாமியின் மூலை என்பது எனக்குத் தெரியாதா? கட்டும்போதே ஊர் முழுக்கச் சொன்னது. ஒரு மூலையில் கிணறு, ஒரு மூலையில் பக்கத்து வீட்டு அடுப்படி ஜன்னல், இன்னொன்றில் வேப்பமரம். மிச்சம் அந்த மூலைதான். அதுவரை எங்கள் தெருப் பெண்களுக்குத் தண்டவாளத்தோரத்துக் கருவேல முள்தான் மறைவு. ரயில் வந்தால் பாதியில் எழுந்து நிற்க வேண்டும். மகள் பெரியவளானபோது, கொத்தனாரான என் கணவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்து அதைக் கட்டினார்.

"சாமி கோச்சிக்கினா நான் பேசிக்கிறேன். எம்பொண்ணு இனிமே முள்ளுக்குப் போவாது" என்றார்.

அதையா இடிப்பேன்? வீட்டிலேயே முதலில் அதற்குத்தான் வெள்ளையடித்தேன். கதவுக்கு நீல பெயின்ட், புதுத் தாழ்ப்பாள், புது பக்கெட் என்று கல்யாண வீடு மாதிரி செய்தேன்.

காரில் வாஸ்துக்காரர் வந்தார், வாங்குகிறவரும் அவர் மனைவியும் கூடவே. காம்பஸைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மாலை போட்டிருந்த என் கணவர் படத்தையும் பார்த்துக்கொண்டார்.

"ஈசானியத்துல அசுத்தம்மா. அதான் வீட்டு ஆம்பள தங்கல."

"அவரு சாரத்துலேர்ந்து விழுந்து செத்தாருங்க. அவரு கட்டிக்கினு இருந்த பங்களாவுக்கு மூலைக்கு மூலை வாஸ்து பாத்திருந்தாங்க" என்றேன்.

வாஸ்துக்காரர் வாங்க வந்தவரைப் பார்த்து, வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு பேரும் காருக்குப் போய்விட்டார்கள்.

வாங்க வந்தவரின் மனைவி மட்டும் நின்றாள். வந்ததிலிருந்து வாய் திறக்காதவள். பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "காலையில கெளம்புனதுக்கா. கொஞ்சம் போய்ட்டு வந்துடட்டுமா?"

"போம்மா. தாழ்ப்பா புதுசு, நல்லாப் போட்டுக்க."

வெளியே கார் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. "வருவாங்க, இருங்க!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன்.

அவள் வெளியே வந்து ஈரக்கையோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் வளந்ததெல்லாம் ஏரிக்கரைதாங்கக்கா" என்றாள். பிறகு ஓடிப்போய்க் காரில் ஏறிக்கொண்டாள்.

சாயங்காலம் மகளுக்குப் போன் பண்ணி, கக்கூஸால் வியாபாரம் போச்சு, இன்னும் கொஞ்ச நாள் பஸ்ஸிலேயே வந்து போகிறேன் என்றேன். கோபித்துக்கொள்வாளோ என்று எனக்குப் பயமாகக்கூட இருந்தது.

"வந்து போய்க்கினு இரும்மா. அத மட்டும் வுட்றாத" என்றாள்.

மிச்சமிருந்த நீல பெயின்ட்டில் கேட்டுக்குப் புது போர்டு நானே எழுதினேன். இன்றும் தொங்குகிறது: 'வீடு விற்பனைக்கு. ஈசானி மூலையில் கக்கூஸ் உண்டு. இடிப்பவர்கள் வர வேண்டாம்.'