ஒரே தாளை இரண்டு முறை ஓட்டியவர்

கணபதி ஏரியாவில், பழைய அச்சு மிஷின்கள் விற்கும் ஷெட்டில் அவர் மெக்கானிக். ஒல்லியான உடம்பு, நகக்கண்களில் கழுவியும் போகாத நீல மை. எந்த மிஷினைத் தொடும் முன்பும் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார், குழந்தையைத் தூக்கப் போகிறவரைப் போல.

என் சின்ன அச்சகத்துக்கு ஓர் ஆப்செட் மிஷின் தேடி, வீட்டை அடமானம் வைத்துவிட்டுப் போயிருந்தேன். தவறானதை எடுத்தால் அச்சகமும் வீடும் சேர்ந்தே போய்விடும். இரண்டு மிஷின்கள் நின்றன. ஒன்று புதுப் பெயிண்டில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி. மற்றது கிரீஸ் படிந்து, சிராய்த்துக் கிடந்தது.

"கண்ண மூடீட்டு இதை எடுத்துட்டுப் போங்க," என்று மாப்பிள்ளை மிஷினைத் தட்டிக் காட்டிய முதலாளி, போன் வரவும் வெளியே போனார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். மாப்பிள்ளையில் ஒரு தாளை ஓட்டி, அதே தாளை மறுபடியும் ஓட்டி என்னிடம் நீட்டினார். எழுத்துகளெல்லாம் இரட்டையாக விழுந்திருந்தன; மிஷின் தாளை ஒரே இடத்தில் பிடிக்கவில்லை. அழுக்கு மிஷினில் இரண்டு முறை ஓடிய தாளிலோ ஒரே எழுத்து, முன்னிலும் கருப்பாக.

"அதுக்குப் பெயிண்ட் அடிச்சது யாருங்க?" என்று மாப்பிள்ளையைக் காட்டிக் கேட்டேன்.

"நாந்தானுங்க."

"இப்படிக் காட்டிக் குடுத்தா மொதலாளி திட்டமாட்டாருங்களா?"

"திட்டுவாருங்க. ஆனா அதை நீங்க எடுத்தா, வாரா வாரம் ரிப்பேருக்கு நாந்தானுங்க வரோணும். உங்க மூஞ்சிய எப்படிங்க பாக்கறது?"

அழுக்கானதையே வாங்கினேன். அது இன்றுவரை நிற்காமல் ஓடுகிறது. அதனால் அவரைக் கூப்பிட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முதலாளி திட்டினாரா, வேலையை விட்டே அனுப்பினாரா, தெரியாது. சில நாள்களில், ஓடுகிற மிஷின் பக்கத்தில் நின்று, ஒரு சின்னக் கோளாறாவது வரக்கூடாதா என்று நினைத்துக்கொள்கிறேன்.