செல்வியக்கா தேச்ச பாறை

கல்லு சொமக்குற வேலை பாத்தவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், காலையில பையும் காலி வயிறும் காலி, சாயங்காலம் பை மட்டும் நெறைஞ்சிருக்கும்.

பாலிடெக்னிக்க பாதியில விட்டுட்டு, குமுளியில ஏலக்கா கடை, ஜீப்பு, லாட்ஜுன்னு எதுலயும் ஒட்டாம, கடைசியா ஒரு ஜியாலஜி மேடத்துக்குப் பை தூக்கப் போனேன். ஏலத்தோட்டத்துக்கு நடுவுல ஒரு பாறையில செம்பு இருக்காம். எம்புட்டு இருக்குன்னு பாக்கணுமாம். மேடம் மலையாளம். தமிழும் நல்லாப் பேசுவாங்க, கோவம் வந்தா மட்டும் சொந்த பாஷை.

பஸ்ஸுல

மொத நாள் திரும்பி வர்றப்ப பையை பஸ்ஸுல வச்சேன். வச்ச சத்தத்துல முன் சீட்டு ஆளே எந்திரிச்சுட்டாரு. கண்டக்டர் வந்து என்ன சரக்குன்னு கேட்டாரு. செம்புன்னேன், கொஞ்சம் கெத்தா. தெறந்து பாத்தாரு. பேப்பர்ல சுத்தி நம்பர் போட்ட கல்லு. ஒண்ணைக் கையில எடுத்து உருட்டிப் பாத்துட்டு, சன்னல் வழியா மலையப் பாத்துட்டு, திரும்ப உள்ள வச்சாரு.

"மலை பூராவும் கல்லுதான். அதுல ஒரு பையி மட்டும் என்னடா பாவம் பண்ணுச்சு?"

நாக்கு

பாறை இருந்தது செல்வியக்கா தோட்டத்துல. அக்காவுக்கு ஒரே ஏக்கரு ஏலம். நெலத்தை அவங்க பேருக்கு ஆக்குற பட்டயத்துக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்திருக்காங்க.

கல்லை ஈரமாக்குனா நெறம் பளிச்சுன்னு தெரியும். தண்ணி கையில இல்லேன்னா ஜியாலஜிக்காரங்க நக்கிப் பாத்துருவாங்க. அவங்களுக்கு அது பழக்கம், பாக்குற நமக்குத்தான் கூச்சம். மேடம் பச்சை படிஞ்ச ஒரு துண்டை வாய்க்கிட்ட கொண்டுபோனாங்க. அக்கா மருந்து பம்பைக் கீழ போட்டுட்டு ஓடியாந்து கையைப் புடிச்சுட்டாங்க. செடிக்கு அடிக்கத் துரிசுங்கிற நீல உப்பும் சுண்ணாம்பும் கலக்குற டிரம்மு அந்தப் பாறை மேலதான் நிக்குமாம். வருசக்கணக்கா வழிஞ்சு பாறையே நீலமும் பச்சையுமாப் பூத்துக் கெடக்கு. துரிசும் செம்புச் சரக்குதான். அப்ப நாங்க அதுவரைக்கும் பையில போட்டதெல்லாம்? மேடம் மொகம் போன போக்கைப் பாத்து அக்கா ஆறுதல் சொன்னாங்க.

"நீங்க தேடுற செம்பை நான் கடையில கிலோக் கணக்குல வாங்கியாந்து ஊத்துறேம்மா."

குழி

மேடம் விடல. சுத்தியலால ஆழமா ஒடைச்சாங்க. உள்ள வெள்ளைக் கல்லு கோடாட்டம் ஓடுது, அதுக்குள்ள பச்சை இழை. துரிசு அம்புட்டு உள்ள போகாது. அப்ப செம்பு நெசமாவே இருக்கு. ஆனா மேல பாசியும் மண்ணும் மருந்துக் கறையும். கோடு எதுவரைக்கும் போகுதுன்னு தெரியல. குறுக்க ஒரு குழி வெட்டுனாத்தான் தெரியும், திங்கக்கிழமை ஆளோட வாரோம்னாங்க. குழி போற வழி காய் புடிச்சு நிக்கிற செடிக்கு நட்டநடுவுல.

அக்கா பால் ஊத்தாத கட்டஞ்சாயா குடுத்தாங்க. கெளம்புறப்ப என்னை மட்டும் ஓரமாக் கூப்பிட்டு, செம்பு இருக்குன்னு எழுதிட்டா கவர்மெண்டு எடத்தை எடுத்துக்குமே, அப்புறம் பட்டயம் வருமான்னு கேட்டாங்க. மேடம் நல்லவங்க அக்கான்னு மட்டும் சொன்னேன்.

"நல்லவங்கதான். நல்லவங்க தோண்டுனாலும் செடி செத்துரும்லப்பா."

தேய்ப்பு

திங்கக்கிழமை மம்பட்டி ஆளுகளோட போனா, டிரம்மக் காணோம். பாறை புதுசாக் கழுவுன அம்மிக்கல்லாட்டம் பளபளங்குது. சனி ஞாயிறு பூரா அக்கா தேங்கா நாரை வச்சுத் தேச்சிருக்காங்க. பச்சை போயிட்டா செம்பும் போயிரும், வந்தவங்க திரும்பிருவாங்கன்னு கணக்கு. துரிசுக்கறை போச்சு, பாசி போச்சு, மண்ணு போச்சு. உள்ள இருந்த கோடு மட்டும் பச்சையும் வெள்ளையுமா தெளிவா நிக்குது. அதைப் பாத்ததும் அக்கா பொத்துன்னு உக்காந்துட்டாங்க.

மேடம் குனிஞ்சு அந்தக் கோட்டுக்கூடவே நடந்தாங்க. தொடக்கத்துல கையகலம். நடுவுல ரெண்டு விரல். மொத ஏலச்செடிக்கு முன்னாடியே நூலாகி, அப்புறம் வெறும் பாறை. அம்புட்டுத்தான் செம்பு. மறைஞ்சு கெடந்தாத்தானே குழி வேணும், இது படுத்துக் காட்டுதேன்னு ஆளுகளைத் திருப்பி அனுப்பிட்டாங்க. சின்னது, இங்கயே முடியுதுன்னு எழுதப் போறேன்னும் அக்காகிட்ட சொன்னாங்க. அக்கா எந்திரிச்சு, முதுகைப் புடிச்சுக்கிட்டு, கோட்டை ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"இந்தக் கட்டில் நீளச் செம்புக்கா என் இடுப்பு போச்சு?"

எனக்குத் தெரிஞ்சு அந்த மலையில செம்பு அதிகமா இருக்குற எடம் இப்பவும் அக்காவோட துரிசு டிரம்முதான்.